நிகழ்காலத்தில் மட்டும் மஞ்சள்

கறுப்பு என்றால் என்னவென்று சரியாகத் தெரிந்தவர்களை இந்த உலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, அதுதான் கறுப்பு என்று நம்பித் தூங்கிப்போகிறார்கள். உண்மையான கறுப்பு எது, கறுப்பைப் போல வேஷம் போடும் கருஞ்சாம்பல் எது என்று ஒரே பார்வையில் பிரித்துச் சொல்லக்கூடிய மகான் ஒருவர், நம் காலத்தில், ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் வேலை செய்யாத பக்கத்தில் வாழ்கிறார் என்பது நாம் செய்த பாக்கியம்.

வாசகர்கள் அவரைக் கழுகுக்கண்ணர் என்று அழைத்தார்கள். மின்சாதனங்களுக்கான இதழ் ஒன்றில் புதிய டிவிகளுக்கு மதிப்பெண் போடுவது அவருடைய தொழில். "வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பார்ப்பது பாமரர்களின் வேலை. அவர் 'மதிப்பிடுகிறார்'. படத்தில் கதாநாயகன் உயிரை விட்டு, ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் பிணத்துக்குப் பின்னால் இருக்கும் நிழலில் நாற்காலிக் கால் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த அவருக்கு, அவற்றில் ஒன்றின் கதையும் தெரியாது.

அவருடைய ஹாலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது மரியாதையில்லை. சுவர்களுக்குச் சாம்பல் பூச்சு. ஜன்னல்களுக்குக் கனமான கறுப்புத் திரை. பகல் என்ற ஒன்று உள்ளே புகுந்து படத்தைக் கெடுத்துவிடக் கூடாது. மின்விசிறியின் இறக்கைகளுக்குக்கூடக் கறுப்பு அடித்திருந்தார், சுற்றும்போது திரையில் மின்னுகிறதாம். விருந்தாளிகள் எதிலாவது முட்டிக்கொண்டுதான் வணக்கம் சொல்வார்கள். பிறகு விருந்தாளிகள் வருவதும் நின்றுபோனது.

அந்த இருட்டில் குடித்தனம் நடத்திய புண்ணியவதி அவருடைய மனைவி. அவர் அந்த வீட்டில் இரண்டு பெரிய பதவிகளை வகித்தார்.

முதல் பதவி, 'மாதிரி முகம்'. மனிதத் தோலின் நிறத்தை ஒரு டிவி சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால், நன்றாகத் தெரிந்த ஒரு முகத்தை அதில் காட்டிப் பார்க்க வேண்டும். கழுகுக்கண்ணர் உலகத்திலேயே நன்றாக அறிந்த முகம் அவர் மனைவியின் முகம்தான். அதாவது, கல்யாணமான புதிதில் அவரே எடுத்த ஒரு சின்ன வீடியோவில் இருக்கும் முகம். ஜன்னலோரம் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருப்பார். அதை ஒவ்வொரு புது டிவியிலும் முதலில் ஓட்டுவார். பிறகு மனைவியை டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, எதிரே கேமராவை நிறுத்தி, அவர் முகத்தை நேரடியாகத் திரையில் வரவழைப்பார். இரண்டும் ஒத்துப்போனால் டிவி பாஸ். பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறாரே, நேராகத் திரும்பிப் பார்த்து ஒப்பிட்டுவிடலாமே என்று கேட்டுவிடாதீர்கள். அது விஞ்ஞான முறை அல்ல.

இரண்டாவது பதவி, 'இல்லத்தார் கருத்து'. ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் கட்டம் கட்டி, ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி என்ன நினைக்கிறார் என்று போடுவார்கள். "பிரமாதம்! தியேட்டரே வீட்டுக்கு வந்துவிட்டது!" என்று மனைவி சொன்னதாக ஒவ்வொரு முறையும் வரும். அதை எழுதுவது கழுகுக்கண்ணர். சமையலறை அலமாரியில் வைக்கும் கையகல டிவிக்கும் தியேட்டர்தான் வந்தது. மனைவி அவற்றைப் படித்ததில்லை. ஹாலில் படிக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தச் சுவரளவு டிவி வந்து சேர்ந்தது. கடைக்கு வருவதற்கு முன்பே, கழுகுக்கண்ணரின் பார்வை படவேண்டும் என்று நிறுவனம் தனியாக அனுப்பியிருந்தது. வாசலில் நுழையவில்லை, கதவைக் கழற்றினார்கள். ஹாலில் இடம் போதவில்லை. சாப்பாட்டு மேசையைப் பால்கனிக்குத் தள்ளினார்கள். அதன்பிறகு மனைவி சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார். அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இதழாசிரியர் ஃபோனில் வந்தார். "இதுதான் அட்டைப்படக் கட்டுரை. நீங்க சொல்றதை வெச்சுத்தான் எல்லாரும் வாங்கப்போறாங்க. ஒரு புள்ளி தப்பா இருந்தாலும் விட்டுடாதீங்க."

"நான் என்னைக்கு விட்டிருக்கேன்?" என்றார் கழுகுக்கண்ணர், அடக்கத்தோடு.

சோதனை தொடங்கிய வாரத்திலேயே அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இதை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. அந்த வீட்டில் அது அத்தனை வெளிப்படையாக இல்லை.

"என்னங்க, தலை சுத்துது."

கழுகுக்கண்ணர் உடனே படத்தை நிறுத்தினார். மனைவியின் ஒவ்வொரு சொல்லையும் மதிப்பவர் அவர்.

"எந்தக் காட்சியில?"

"காட்சியில எல்லாம் இல்ல. காலையிலேர்ந்தே சுத்துது."

"கார் துரத்துற காட்சிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நான் சமையக்கட்டுல இருந்தேங்க."

அவர் முகம் மலர்ந்தது. கைப்பேசியை வாயருகே கொண்டுபோய்ப் பதிவு செய்துகொண்டார்: "வேகக் காட்சிகளில் அசைவு தத்ரூபம். அடுத்த அறையில் இருப்பவருக்கே தலை சுற்றுகிறது."

மறுநாள் மனைவி தட்டை அப்படியே மூடிவைத்தார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றார். திரையில் அப்போது யாரோ எதையோ வதக்கிக்கொண்டிருந்தார்கள். "உணவுக் காட்சிகளில் உயிரோட்டம் அபாரம். பார்த்த மாத்திரத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது" என்று பதிவானது. இன்னொரு நாள், கடலுக்கடியில் மீன்கள் நீந்தும் காட்சியின் நடுவே, மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். திரும்பி வந்தவரிடம் கழுகுக்கண்ணர் பரிவோடு சொன்னார்: "ஆழம் நல்லா தெரியுது இல்ல?"

"எனக்கு ஒண்ணுமே முடியலைங்க. படுத்தா தேவலாம் போல இருக்கு."

"படுத்துக்கோ. நாளைக்கு ஸ்டூல்ல உட்காரணும். முகம் ஃப்ரெஷ்ஷா இருக்கணும்."

மறுநாள் அந்தப் புகழ்பெற்ற மாதிரி முகச் சோதனை நடந்தது. முதலில் பழைய வீடியோ. ஜன்னல், சிரிப்பு, ரோஜா நிறக் கன்னம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து நேரடிக் காட்சி. ஸ்டூலில் மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தார். திரையில் அவர் முகம் சுவரளவுக்கு விரிந்தது. கழுகுக்கண்ணர் துள்ளி எழுந்தார்.

மஞ்சள். கன்னத்தில் மஞ்சள். நெற்றியில் மஞ்சள். எந்த டிவியும் தப்புப் பண்ணக் கூடாத கண்ணின் வெள்ளையில், பட்டவர்த்தனமாக மஞ்சள்.

"பார்த்தியா அநியாயத்தை?" என்றார்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் தோணுது. கண்ணாடியில பார்த்தேன், கண்ணெல்லாம்கூட..."

"கண்ணாடியில தெரியாம என்ன பண்ணும்? டிவியோட மஞ்சள் அதுலயும் அடிக்குது!"

"பாத்ரூம் கண்ணாடிங்க."

"அவ்வளவு தூரம் போயிருக்கு!"

எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் கண்ணால், சுவரளவு டிவியில் இருந்த விரலளவு நிறப் பிழையைக் கையும் களவுமாகப் பிடித்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். அன்றே நிறுவனத்துக்குப் புகார் போனது. நிறுவனம் அலறிப்போய் டிவியை மாற்றிக் கொடுத்தது. மறுபடி கதவைக் கழற்றினார்கள். புது டிவியிலும் மஞ்சள். அதையும் மாற்றினார்கள். அதிலும் மஞ்சள், முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மூன்று டிவிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பொய்யைச் சொன்னதில், கழுகுக்கண்ணருக்குச் சதி வாடை அடித்தது.

விஷயம் முற்றிவிட்டதால் நிறுவனம் வீடியோ வழியாக ஓர் உயர்மட்டக் கூட்டம் கூட்டியது. நிறத்துறைத் தலைவர் வந்தார். 'வாடிக்கையாளர் மனநிறைவு' அதிகாரி வந்தார், மனநிறைவோடு. தயாரிப்புப் பொறியாளர் ஒருவரும் ஓரமாக வந்தார். அத்தனை பேருக்கும் முன்னால் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தார். நிலாவுக்குப் போகிற ராக்கெட்டைக்கூட அத்தனை பேர் அத்தனை நேரம் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மேடம், முகத்துல ஏதாவது பூசியிருக்கீங்களா?" என்று கேட்டார் நிறத்துறைத் தலைவர்.

"இல்லைங்க. மூஞ்சி கழுவக்கூட எழுந்திரிக்க முடியல."

"அருமை. கலப்படமில்லாத முகம்." அவர் குறித்துக்கொண்டார். "கொஞ்சம் கண்ணை அகலமா திறங்க. ஆமா, மஞ்சள்தான். நல்ல அடர்த்தி."

"எனக்கு உட்காரவே முடியலைங்க. படுத்துக்கட்டுமா?"

"தாராளமா படுங்க மேடம்!" என்றார் மனநிறைவு அதிகாரி. "படுத்த கோணத்துல நிறம் எப்படி வருதுன்னு பார்க்கணும்னு நாங்களே கேட்கலாம்னு இருந்தோம்."

மனைவி சோபாவில் சுருண்டு படுத்தார். கேமரா அவரைப் பின்தொடர்ந்தது. படுத்த கோணத்திலும் மஞ்சள் குறையவில்லை.

ஓரத்திலிருந்த பொறியாளர் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு சந்தேகம். அதே டிவியில அந்தப் பழைய வீடியோ ஓடும்போது நிறம் சரியாத்தான் இருக்கு. அப்படின்னா டிவி..."

"டிவி?" என்றார் நிறத்துறைத் தலைவர், புருவத்தைத் தூக்கி.

பொறியாளருக்கு வீடும் குடும்பமும் இருந்தன. "அப்படின்னா டிவி கடந்த காலத்தைச் சரியாத்தான் காட்டுது சார். நிகழ்காலத்துலதான் கோளாறு."

கூட்டம் கைதட்டியது. உலகத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே இப்படி ஒரு பழுதை யாரும் கண்டதில்லை. முகங்களில் மஞ்சள் தென்பட்டால் டிவியே அதை நீக்கி, ரோஜா நிறம் ஏற்றிவிடும்படி ஒரு புது மென்பொருளை எழுதுவது, அதைப் போர்க்கால அடிப்படையில் எழுதுவது என்று ஒருமனதாக முடிவானது. மனைவியின் மனதை அதில் சேர்க்கவில்லை. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

கூட்டம் முடிந்த கையோடு மனைவியின் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். இந்த மைத்துனன் மேல் கழுகுக்கண்ணருக்கு மதிப்பு கிடையாது. கீறல் விழுந்து, ஒரு மூலை இருண்டுபோன கைப்பேசியில் முழுப்படம் பார்த்துவிட்டு, "கதை சூப்பர் மாமா" என்று சொல்கிற ஜாதி அவன்.

"அக்கா, ஏன் கண்ணெல்லாம் இப்படி மஞ்சளா இருக்கு?"

கழுகுக்கண்ணர் ஃபோனை வாங்கிக்கொண்டார். "தம்பி, உன் ஃபோனோட திரையைப் பத்தி நான் ஏற்கனவே சொல்லியிருக்கேன். அதுல எதைப் பார்த்தாலும் மஞ்சளாத்தான் தெரியும்."

"என் ஃபோனை விடுங்க மாமா. அக்காவைப் பாருங்க."

"பார்த்தாச்சு. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் உட்கார்ந்து பார்த்தாச்சு. அடுத்த வாரம் சரியாயிடும்."

"டாக்டர் சொன்னாரா?"

"கம்பெனி சொல்லிச்சு."

எதிர்முனையில் ஃபோன் பட்டென்று அணைந்தது. மைத்துனன் நேரில் வந்துவிட்டான். உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல முட்டிக்கொண்டான். வணக்கம் மட்டும் சொல்லவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்க் கறுப்புத் திரையைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். பல வருஷங்களாக வாசலிலேயே காத்துக்கிடந்த பகல் திமுதிமுவென்று உள்ளே வந்தது.

"மூடு! மூடு!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார் கழுகுக்கண்ணர். "கறுப்பெல்லாம் வெளுக்குது!"

சோபாவின் மூலையில் அவர் மனைவி கிடந்தார். டிவி அணைந்திருந்தது. கேமராவும் அணைந்திருந்தது. ஆனாலும் அவர் மஞ்சளாக இருந்தார். உள்ளங்கைவரை மஞ்சளாக இருந்தார். மைத்துனன் அக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாததால் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினான். கழுகுக்கண்ணர் கையிலிருந்த ரிமோட்டோடு பின்னாலேயே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைவிரலால் மனைவியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவர் அதற்கு டிவி எதையும் பயன்படுத்தவில்லை.

"ஈரல் நல்லா வீங்கியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா நாங்க கையை விரிச்சிருப்போம். இவ்வளவு மஞ்சளா இருக்காங்களே, வீட்டுல ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

"நான் கவனிச்சேன் டாக்டர்," என்றார் கழுகுக்கண்ணர். தொழில் மானம் விடவில்லை. "முதல் நாளே கவனிச்சேன்."

"கவனிச்சிட்டு?"

"புகார் குடுத்தேன்."

"யார்கிட்ட?"

கழுகுக்கண்ணர் ரிமோட்டைச் சட்டைப்பைக்குள் மறைக்கப் பார்த்தார். அது நீளமான ரிமோட், நுழையவில்லை.

அன்று அவர் பயந்துபோனார். இதில் கேலி எதுவும் இல்லை. வராந்தா பெஞ்சில் மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவி இல்லாத அந்த ஹாலை நினைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எந்தக் கறுப்பும் அத்தனை கறுப்பாக இருந்ததில்லை. வாய்விட்டு அழுதார். மைத்துனன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான்.

மனைவி பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, மெலிந்துபோய், ஆனால் தன் சொந்த நிறத்தில் வீடு திரும்பினார். சாப்பாட்டு மேசை பால்கனியிலிருந்து மறுபடி உள்ளே வந்திருந்தது. கழுகுக்கண்ணர் தன் கையாலேயே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அதில் உப்பில்லை. ஆனாலும் காய்ச்சினார் அல்லவா, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையில் நிறுவனத்தின் புது மென்பொருளும் வந்து டிவியில் ஏறியிருந்தது. அதற்கு 'முகமலர்ச்சி' என்று பெயர் சூட்டி, கழுகுக்கண்ணரின் கண்களுக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். ஆசிரியர் கட்டுரைக்காகக் கழுத்தைப் பிடித்தார். உடம்பு தேறட்டும் என்று சொல்லிப் பார்த்தார் கழுகுக்கண்ணர். கடைசியில் ஒரு மத்தியானம் மனைவியே, "வாங்க, முடிச்சுத் தொலைச்சிடலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கேமரா விழித்தது. 'முகமலர்ச்சி' இல்லாத மஞ்சளையும் நீக்கித் தன் கடமையைச் செய்தது. திரையில் மனைவியின் முகம் கத்தரிப்பூ நிறத்தில் மலர்ந்தது. உதடு கருநீலம்.

"ஐயோ!" என்று அலறினார் கழுகுக்கண்ணர். "நீலம் பாரிச்சிருக்கு! எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

"நீ அப்படித்தான் சொல்லுவ! போன தடவை டிவி படிச்சுப் படிச்சு சொல்லிச்சு, நான்தான் பாவி நம்பலை. இந்தத் தடவை விடமாட்டேன்!" அவர் அதற்குள் மைத்துனனுக்கு ஃபோன் போட்டுவிட்டார். "தம்பி, உடனே வா! அக்காவுக்கு மூச்சே இல்ல!"

"பேசிட்டுத்தானே இருக்கேன்!" என்று மனைவி அதட்டினார். "டிவியை விடுங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. இங்க, ஸ்டூல்ல. நான்தான் இது."

கழுகுக்கண்ணர் திரும்பினார். ஜன்னல் திரை அன்றைக்கு மைத்துனன் இழுத்ததில் கொக்கி உடைந்து, பாதி மூடாமலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் மனைவியை நேருக்கு நேர் பார்த்தார். காதோரம் நரை. கண்ணுக்குக் கீழே களைப்பு. கோபத்தை அடக்கும்போது உதட்டோரம் விழுகிற ஒரு சின்னக் கோடு. இதெல்லாம் எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பழைய வீடியோவில் இவை எதுவும் கிடையாது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டார் மனைவி, கொஞ்சம் இறங்கிய குரலில்.

"இவ்வளவு நுணுக்கம் திரையில வரவே இல்லையே," என்றார் கழுகுக்கண்ணர். கைப்பேசியை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

மனைவி அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இந்தத் தடவை இல்லத்தார் கருத்தை நானே எழுதறேன்."

அவர் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையிலும் இல்லை. மனைவி ஒரே மூச்சில் தட்டி முடித்துக் கொடுத்ததை, அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கத்தான் முயன்றார். ஆனால் சுவரளவுக்கே பழகிப்போன அந்தக் கண்களுக்குக் கைப்பேசியின் எழுத்துகள் பிடிபடவில்லை. வழக்கம்போலத் தியேட்டராகத்தான் இருக்கும் என்று அனுப்பிவைத்தார்.

அட்டையில் அந்த டிவியின் படத்தோடு இதழ் வெளிவந்தது. கறுப்பைப் பற்றி மட்டும் முழுதாக ஒரு பக்கம். அசைவு, ஆழம், உணவுக் காட்சிகளின் உயிரோட்டம், 'முகமலர்ச்சி' என்னும் புரட்சி என்று எதற்கும் மதிப்பெண் குறையவில்லை. ஆசிரியருக்கும் நிறுவனத்துக்கும் பரம திருப்தி. எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கத்தின் அடியில், எப்போதும்போலக் கட்டம் கட்டி அது இருந்தது:

"இல்லத்தார் கருத்து: ரொம்ப நல்ல டிவி. எனக்கு உடம்பு சரியில்லை என்பதை இந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தது இதுதான். என் வீட்டுக்காரர் புகார் கொடுத்து அதையும் சரிபண்ணிவிட்டார்."